மூன்றாவது மணி அடிக்கும் முன்

சிறிய அரங்குகளில் வருகிற புதுப்புது நாடகங்களைப் பற்றி முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. இந்த முறை பதில்கள் எல்லாம் அவற்றுக்கே.

‘சோதனை நாடகம்’ என்கிறார்களே, சோதனை யாருக்கு? பார்க்கிறவனுக்கா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், முகப்பேர் கிழக்கு)

நடிக்கிறவருக்கு. பழகிய கதை, பழகிய வசனம், பழகிய கைதட்டல் எதுவும் கைகொடுக்காத இடத்தில் போய் நின்று, ‘இது எடுபடுமா?’ என்று பார்க்கிறார். 1978-ல் ஞாநி தொடங்கிய நாடகக் குழுவுக்குப் பெயரே ‘பரீக்ஷா’. பரீட்சை எழுதுவது அவர்கள். விடைத்தாள் திருத்துவது நீங்கள். வங்கியில் இருந்தவருக்குக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று சட்டெனத் தெரியும். வந்து திருத்துங்கள்.

எண்பது பேர் உட்காரும் அறையில் நடந்தால் அது நாடகமா, டியூஷனா?
(கல்லூரி மாணவி, முகப்பேர் மேற்கு)

எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-ல் திறந்தது. ஏறக்குறைய 600 பேர் உட்காரலாம். அழகில் குறைவில்லை. ஆனால் கடைசி வரிசைக்காரருக்கு நடிகரின் கை தெரியும். விரல் நடுங்குவது தெரியாது. எண்பது பேர் அறையில் அவர் எச்சில் விழுங்குவதுகூடத் தெரியும். பொய்யாக அழுதால் அகப்பட்டுக்கொள்வார். பெரிய அரங்கு மன்னித்துவிடும் பிழையைச் சின்ன அறை மன்னிக்காது.

போலந்தில் ஓபோலே என்றொரு சிறு நகரம். 1959-ல் அங்கே இயக்குநர் கிரோட்டோவ்ஸ்கி பொறுப்பேற்ற அரங்கின் பெயரே ‘பதின்மூன்று வரிசைத் தியேட்டர்’. செட்டைக் கழித்தார், ஒப்பனையைக் கழித்தார், ஒளி வித்தைகளைக் கழித்தார். கழிக்க முடியாமல் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: நடிகரும் பார்வையாளரும். உலக நாடகத்தை அந்தச் சின்ன அறை திருப்பிப் போட்டது. டியூஷன் என்று சொன்னாலும் தவறில்லை. அங்கே இரண்டு தரப்பும் பாடம் படித்தன.

முகப்பேரில் ஸ்கூல் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, அபார்ட்மென்ட் இருக்கிறது. நாடகத்துக்கு இங்கே யார் வருவார்கள்?
(கட்டுமானத் தொழிலில் இருப்பவர், நொளம்பூர்)

பெங்களூரு ஜே.பி. நகரிலும் இதையேதான் கேட்டிருப்பார்கள். அதுவும் வீடுகள் நிறைந்த பகுதிதான். மறைந்த கன்னட நடிகர் சங்கர் நாகின் நினைவாக அருந்ததி நாக்கும் நண்பர்களும் 2004-ல் அங்கே ‘ரங்க சங்கரா’வைத் திறந்தார்கள். சுமார் 320 இருக்கைகள். நாளுக்கொரு நாடகம் என்பது அவர்கள் கொள்கை. காய்கறி வாங்கப் போனவர்கள், ‘இன்றைக்கு என்ன நாடகம்?’ என்று எட்டிப் பார்க்கிற இடமாக அது ஆகிவிட்டது.

அதுவாவது பெருநகரம். ஷிமோகா மாவட்டத்து ஹெக்கோடு பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற கிராமம். அங்கே 1949-ல் முளைத்த ‘நீனாசம்’ என்ற நாடகக் குழுவை வளர்த்தெடுத்த கே.வி. சுப்பண்ணாவுக்கு 1991-ல் மகசேசே விருது கிடைத்தது.

‘மகப்பேறு’தான் முகப்பேர் ஆயிற்று என்று நம் ஊரில் சொல்வார்கள். பிள்ளை வரம் கேட்டுச் சந்தான சீனிவாசப் பெருமாளைத் தேடி இன்றும் வருகிறார்கள். பிள்ளை பிறக்கிற ஊரில் ஒரு நாடகம் பிறக்காதா?

நவீன நாடகம் பார்த்தேன். புரியவில்லை. தவறு என்னுடையதா?
(தபால் துறை ஊழியர், ஆவடி)

இல்லை. எல்லா நேரமும் நாடகக்காரரின் தவறும் இல்லை. பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ 1953-ல் பாரிசில் ஒரு சிறிய அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. இரண்டு பேர் ஒரு மரத்தடியில் காத்திருக்கிறார்கள், வரவேண்டியவர் வரவில்லை, நாடகம் முடிந்துவிடுகிறது. படித்தவர்களே தலையைச் சொறிந்தார்கள். 1957-ல் அதே நாடகத்தை அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் முன்னால் நடித்தார்கள். அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ‘இது எனக்கு எதை ஞாபகப்படுத்துகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நாடகம் முடிந்ததும் இயக்குநரிடமே கேளுங்கள். சின்ன அரங்கில் அவர் பத்தடி தூரத்தில்தான் நிற்பார்.

தமிழில் இதெல்லாம் எப்போது தொடங்கியது?
(பள்ளி ஆசிரியை, பாடி)

ஒரு தேதியைச் சொல்வதைவிட ஒரு காலத்தைச் சொல்கிறேன். 1960-களின் கடைசியில் ‘நடை’ என்ற சிற்றிதழில் ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகம் வந்தது. 1977-ல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் பயிற்சி முகாம் நடந்தது. அதே ஆண்டு முத்துசாமியின் கூத்துப்பட்டறை, 1978-ல் சென்னையில் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம். 1980-ல் வங்கத்திலிருந்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து, மேடையும் திரையும் இல்லாமல் நாடகம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1984-ல் பிரளயனின் சென்னைக் கலைக்குழு. 1977-லிருந்து எண்ணினால் ஏழே வருஷத்தில் இவ்வளவும்.

இவர்களில் யாரிடமும் சொந்தமாகப் பெரிய அரங்கு இருக்கவில்லை. இருந்தது கூடிப் பழகுகிற பிடிவாதம். புஞ்சை கிராமத்தில் 1936-ல் பிறந்த முத்துசாமி 2018-ல் மறையும்வரை, நடிகர் என்றால் முழுநேரமும் உடம்பையும் குரலையும் பழக்குகிறவர் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

என் பேரன் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று போகிறான். எங்கள் காலத்துத் தெருக்கூத்தை விடவா இவர்கள் புதுசாகச் செய்துவிடப் போகிறார்கள்?
(73 வயதுப் பாட்டி, திருநின்றவூர்)

அம்மா, ந. முத்துசாமியும் இதே முடிவுக்குத்தான் வந்தார். புரிசைத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து அசந்துபோய், நமக்கான நவீன நாடகம் இங்கிருந்துதான் கிளம்பவேண்டும் என்றார். ‘அன்று பூட்டியவண்டி’ என்று ஒரு கட்டுரைத் தொகுப்பே எழுதினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்களுக்கு ஆசானாகவே ஆனார்.

யோசித்துப் பாருங்கள். நடிகர் கதையை விட்டு வெளியே வந்து சபையோடு நேராகப் பேசுவதை மேற்கே பெரிய கண்டுபிடிப்பாக எழுதினார்கள். நம் கட்டியக்காரன் அதைத்தானே ராத்திரி முழுக்கச் செய்கிறான்? அரங்கை விட்டு வெளியே நடக்கும் நாடகம் என்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் ஆன பேருருவமாகத் தரையில் படுத்துக்கிடக்க, ஊரே அவனைச் சுற்றி நிற்கிறதே, அது என்ன?

பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சின்ன வயதில் நான் பார்த்த படுகளம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. திரௌபதி கூந்தலை முடிந்தபோது என் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நடிப்பு எது, வேண்டுதல் எது என்று பிரிக்க முடியாத அந்த விடியற்காலையை எந்த நவீன நாடகமும் எனக்கு இன்னும் தரவில்லை. தரும் என்ற ஆசையில்தான் ஒவ்வொன்றுக்கும் போகிறேன். பேரனையும் கூட்டிக்கொண்டு கூத்துக்குப் போங்கள். அவன் கூப்பிட்டால் அவன் நாடகத்துக்கும் போங்கள்.

கூத்துப்பட்டறையில் சேர்ந்தால் சினிமா சான்ஸ் நிச்சயமா?
(டிப்ளமோ முடித்தவர், அம்பத்தூர்)

நிச்சயம் இல்லை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கே பயின்றவர்களைத் திரையில் பார்க்கிறீர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். இந்தப் பெயர்கள் மட்டும் உங்கள் காதில் விழுகின்றன. திரைக்குப் போகாமலே நாடகத்தை வாழ்க்கையாக்கிக்கொண்டவர்கள் இன்னும் பலர். சினிமா கிடைக்குமா என்பது தெரியாது. கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லக்கூடியவை: நிமிர்ந்த முதுகு, திறந்த குரல், அடுத்தவர் பேசும்போது கேட்கும் காது. இவை எந்த வேலைக்கும் உதவும்.

வரும் மாதங்களில் என்னென்ன பார்க்கலாம்? ஒரு பட்டியல் தாருங்கள்.
(ஐ.டி. ஊழியர், முகப்பேர் மேற்கு)

இந்த வாரம் எங்கே என்ன என்பதை அந்தந்தக் குழுவின் அறிவிப்பு சொல்லும். ஆண்டுக் கணக்கை நான் சொல்கிறேன், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்தால் சென்னை சங்கமம். நகரத்துத் திடல்களில் கூத்தும் பறையும் இலவசம். அதை ஒட்டித் திருச்சூரில் கேரள சர்வதேச நாடக விழா. 2008 முதல் நடக்கிறது, ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். மார்ச் 27 உலக நாடக தினம். அன்று பல குழுக்கள் எதையாவது புதிதாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஏப்ரல் வாக்கில் புதுச்சேரி அருகே ஆதிசக்தி நாடக மையத்தில், அதை உருவாக்கிய வீணாபாணி சாவ்லாவின் நினைவு விழா. பங்குனி தொடங்கி ஆடி வரை திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து. கார்த்திகையில் கைசிக ஏகாதசி இரவு திருக்குறுங்குடிக் கோயிலில் கைசிக நாடகம். அருகிப்போன அதைப் பேராசிரியர் செ. இராமானுஜமும் அனிதா ரத்னமும் 1999-ல் மீட்டெடுத்தார்கள்.

நடுவில் கிடைக்கிற வாரக்கடைசிகளில் ஆழ்வார்பேட்டை ‘மேடை’, விருகம்பாக்கம் கூத்துப்பட்டறை போன்ற சின்ன இடங்களை விசாரித்துக்கொண்டே இருங்கள். விளம்பரத்தில் ‘நாடக வாசிப்பு’, ‘வளர்ந்துவரும் நாடகம்’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் தவறவிடாதீர்கள். வெந்த சோற்றை யாரும் போடுவார்கள். உலை கொதிக்கும்போது உள்ளே கூப்பிடுகிறவர்கள் குறைவு.

டிக்கெட் 300 ரூபாய். அந்தக் காசில் ஒரு மாதம் ஓ.டி.டி. பார்க்கலாமே?
(கணக்காளர், கொரட்டூர்)

பார்க்கலாம். ஆனால் ஓ.டி.டி.யில் நீங்கள் தூங்கிப்போனாலும் நடிகர் நடித்துக்கொண்டே இருப்பார். இங்கே நீங்கள் கண் அயர்ந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால் மட்டுமே நடக்கிற ஒன்றுக்கு 300 ரூபாய்.

உங்களுக்குப் பிடித்த கணக்கும் சொல்கிறேன். 80 இருக்கையும் நிறைந்தால் 24,000 ரூபாய். அரங்க வாடகை, ஒளி, ஒலி, உடை, வண்டிக் கூலி போக மிஞ்சுவதை ஏழெட்டுப் பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பல வார ஒத்திகை இருக்கிறது. பாதி இருக்கை காலியானால் கைக்காசு போடுவார்கள். ரூ.500 வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல். இன்னொன்று: நண்பர் நடிக்கிறார் என்று பாஸ் கேட்காதீர்கள். நண்பர் என்பதால்தான் டிக்கெட் வாங்கவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் நாடகம் போட ஆசை. வசனத்தைப் போலீசிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டுமாமே?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், முகப்பேர் கிழக்கு)

வேண்டியிருந்தது. வேல்ஸ் இளவரசரின் வருகையைக் கேலி செய்த கல்கத்தா நாடகம் ஒன்றுக்குக் கோபப்பட்டு, வெள்ளைக்காரர்கள் 1876-ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு, 1954-ல் நம் மாநிலமே தனிச் சட்டம் செய்துகொண்டது. சென்னையில் நாடகம் போட எழுத்துப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஞாநி நீதிமன்றத்துக்குப் போனார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று நீக்கியது. 1876-ம் ஆண்டின் சட்டத்தை நாடாளுமன்றமே 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ரத்துச் சட்டத்தில் எடுத்துப்போட்டது.

இன்று நீங்கள் பயமில்லாமல் எழுதலாம் என்றால், ஒரு நாடகக்காரர் படியேறி இறங்கியதும் அதற்கொரு காரணம். ஒலிபெருக்கிக்கு மட்டும் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் அதை வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. மைக் இல்லாமல் பேசக்கூடிய நாடகத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி போய்விடும், அக்கம்பக்கமும் வாழ்த்தும்.

மொட்டை மாடியில் நாடகமா? லைட்டுக்கு என்ன செய்வது?
(அதே சங்கத்தின் பொருளாளர்)

முதல் நாடகத்தை மாலை ஐந்தரைக்குத் தொடங்குங்கள். சூரியன் ஒளியமைப்பு செய்வார், இலவசமாக. அடுத்ததற்கு நாலு எல்.இ.டி. பார் லைட்டை வாடகைக்கு எடுங்கள். சாதாரண பிளக்கிலேயே ஓடும். ஒயரைக் கால் படாத ஓரமாக இழுத்து டேப் ஒட்டுங்கள். கைப்பிடிச் சுவர் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீர்கள். முன்னால் பாய், அதற்குப் பின்னால் தாழ்ந்த ஸ்டூல், கடைசியில் பெரியவர்களுக்கு நாற்காலி. இப்படி அடுக்கினால் யார் தலையும் யாரையும் மறைக்காது. மாடிப்படி ஏற முடியாதவர்களுக்காக ஒரு காட்சியைக் கீழே பார்க்கிங்கில் போடுங்கள். அவர்களை விட்டுவிட்டுச் செய்தால் அது உங்கள் குடியிருப்பின் நாடகம் ஆகாது.

யாருடைய கதையை வேண்டுமானாலும் நாடகமாக்கலாமா?
(எம்.ஏ. மாணவர், திருவேற்காடு)

எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்குத் தடையில்லை. முத்துசாமியின் நாடகங்களுக்கு 2078 வரை உரிமை உண்டு. அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் போடுவதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனாலும் எழுதியவரிடமோ குடும்பத்திடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவருக்கு அனுமதியோடு ஆசியும் கிடைக்கும்.

மகள் நாடகக் குழுவில் சேர வேண்டும் என்கிறாள். ராத்திரி ஒத்திகை என்றால் பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், வளசரவாக்கம்)

உங்கள் பயம் நியாயமானது. அதைத் தடையாக்காமல் கேள்விகளாக்குங்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும்? திரும்பி வர வண்டி உண்டா? உடை மாற்றத் தனி அறை உண்டா? புகார் என்றால் யாரிடம் சொல்வது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். அதைவிடச் சின்னக் குழுவென்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற குழு வேண்டாம். உட்காரவைத்துப் பதில் சொல்கிற குழுவில் தைரியமாகச் சேருங்கள்.

அ. மங்கையின் மரப்பாச்சிக் குழு, பெண்ணின் கண்ணால் பார்த்த நாடகங்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் ‘பன்மை’ என்ற குழுவைத் தொடங்கி, திருநர் வாழ்க்கையைத் திருநரே நடித்துக் காட்டினார்கள். உங்கள் மகள் போகிற வழியில் முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் ஒத்திகைக்கு நீங்களும் கூடப் போங்கள்.

ஷிப்ட் முடித்து வருகிற எங்களுக்கு எந்த அரங்கில் இடம்?
(லேத் ஆபரேட்டர், அம்பத்தூர் எஸ்டேட்)

நாடகம் உங்களைத் தேடி வந்த வரலாறு இருக்கிறது. 1989 ஜனவரி 1. டில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூர், உங்கள் எஸ்டேட்டைப் போலத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. அங்கே சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு ‘ஹல்லா போல்’ என்ற தெரு நாடகத்தை நடித்துக்கொண்டிருந்தபோது கும்பல் புகுந்து தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். ஹாஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்.

இதைவிடப் பெரிய மேடையேற்றம் எனக்குத் தெரிந்து இல்லை. சின்ன அரங்குகளை நடத்துகிறவர்களுக்கு உங்கள் சார்பில் நான் வைக்கிற வேண்டுகோள்: மாதம் ஒரு காட்சியை ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வையுங்கள், எஸ்டேட் வாசலுக்கே கொண்டுபோங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டேன். எங்கள் அரங்கைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லையே?
(பெயர் வேண்டாம் என்றவர், போரூர்)

பேச வேண்டும் ஐயா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று 1960-களில் மேடையேற்றினார். இங்கே நாங்கள் கூத்தின் பக்கம் திரும்புவதற்கு முன்பே நீங்கள் திரும்பிவிட்டீர்கள். 1985-ல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’, போர்க் காலத்தில் மக்கள் தங்கள் துயரைத் தாங்களே கூடிப் பார்த்த நாடகம். அதை நேரில் பார்த்தவர் நீங்கள் என்றால், உங்கள் நினைவே ஒரு மணி நேர அரங்கு. முகப்பேரில் எந்த அறை கிடைத்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?
(இரண்டு குழந்தைகளின் அப்பா, அயப்பாக்கம்)

அவர்களுக்கான நாடகமா என்று கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். புதுச்சேரி வேலு சரவணன் ‘ஆழி’ குழுவோடு ‘கடல் பூதம்’ போட்டால், பிள்ளைகள் நாடகத்துக்குள்ளேயே போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் தலையணையைப் பூதமாக்கி மறுபடி நடிப்பார்கள். அப்போது குறுக்கே போய், ‘என்ன கருத்து தெரிந்துகொண்டாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடைக்கு இழுத்துவிடுவார்களோ?
(கூச்ச சுபாவி, மதுரவாயல்)

பிரேசிலின் அகஸ்டோ போவால் ஒரு முறையை உண்டாக்கினார். நாடகத்தை நடுவில் நிறுத்தி, ‘இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பார்கள். விரும்புகிறவர் எழுந்து நடித்துக் காட்டலாம். வங்கக் கிராமங்களில் ஜன சன்ஸ்க்ருதி குழு இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. ‘விரும்புகிறவர்’ என்பதுதான் இங்கே முக்கியம். தலையசைத்து மறுத்துவிடலாம், நல்ல குழு வற்புறுத்தாது. இருந்தாலும் ஒருநாள் எழுந்துவிடுவீர்கள் என்று தோன்றுகிறது. கூச்சம் இருக்கிறவர்கள்தான் முதல் கேள்வியையே எழுதி அனுப்புகிறார்கள்.

ஐந்து நிமிஷம் தாமதமானால் உள்ளே விட மாட்டார்களாமே?
(கேப் ஓட்டுநர், முகப்பேர் மேற்கு)

ஆமாம். மூன்றாவது மணி அடித்தால் கதவு மூடும். உங்கள் வண்டியில் ரயிலுக்குப் போகிறவர், ரயில் தனக்காக நிற்கும் என்றா நினைக்கிறார்? எழும்பூருக்கு என்றால் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமல் இறங்கிவிடலாம். அன்று ஒருநாள் உங்களை வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போகட்டும்.

நவீன நாடகக்காரர்கள் தங்களுக்குள்ளேயே நடித்து, தங்களுக்குள்ளேயே கைதட்டிக்கொள்கிறார்கள். உண்மையா இல்லையா?
(நீண்ட கால வாசகர், அண்ணா நகர் மேற்கு)

உண்மை இருக்கிறது. நாற்பது பேர் பார்வையாளர் என்றால், அதில் முப்பது பேர் வேறு குழுவின் நடிகர்களாக இருந்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம். ஒரு குழு அடுத்த குழுவைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் மருந்துக் கடைக்காரர், இட்லி மாவு விற்கிறவர், டியூஷன் டீச்சர், ரிட்டயர்டு தாசில்தார் இவர்களெல்லாம் கலந்து உட்கார்ந்தால்தான் நாடகத்துக்குத் தன் எடை தெரியும். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே மௌனமாகிறார்கள் என்பதை வைத்து மறுநாள் ஒத்திகை மாறும். புது நாடகம் என்பது பாதி எழுதிய கடிதம். மீதியை எழுத வேண்டியவர் அடுத்த தெருவில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குழுக்களுக்குச் சொல்கிறேன்: அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவருக்குச் சொல்கிறேன்: திறங்கள். நீங்களும் அண்ணா நகரிலிருந்து ஒரு நண்பரோடு வாருங்கள். அவர் நாடகக்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடகம் முடிஞ்சதும் ராஜா, பூதம் எல்லாம் எங்கே போவாங்க?
(நான்காம் வகுப்பு, முகப்பேர் கிழக்கு)

நல்ல கேள்வி கண்ணு. ராஜா கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைப்பார். பூதம் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வண்ணத்தைத் துடைக்கும். அப்புறம் இரண்டு பேரும் துடைப்பம் எடுத்துத் தரையைக் கூட்டுவார்கள். சின்ன அரங்கில் அதற்கென்று தனி ஆள் கிடையாது. பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போவார்கள்.

நீ அடுத்த முறை உடனே கிளம்பிவிடாதே. ஒரு பாயின் நுனியைப் பிடித்துக்கொள். இன்னொரு நுனியை ராஜா பிடிப்பார். சுருட்டி முடிப்பதற்குள் அவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.